வேம்பார்க் கரையில் ஒரு தேதியைத் தேடி…

தூத்துக்குடியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். ஒருபுறம் வெண்குன்றுகளாய் உப்பு குவிந்து கிடக்கும் அளங்கள். மறுபுறம் வானை அளாவும் பனைகள். குளத்தூரைத் தாண்டி, வைப்பாற்றைக் கடந்து, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சென்றால் கடற்காற்றில் கருப்பட்டி மணமும் கலந்து வரும். அங்கே இறங்கிக்கொள்ளுங்கள். அதுதான் வேம்பார். அதற்கு அப்பால் இராமநாதபுரம் மாவட்டம் தொடங்கிவிடுகிறது.

ஊர் சிறிது, ஆனால் வரலாறு நெடிது. முத்துக் குளிப்பில் புகழ்பெற்ற பரதவர்களின் ஏழு கடற்றுறைகளுள் வேம்பாரும் ஒன்று. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் நான்கு கூட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, புழுவினிச்சல்லித் தீவு ஆகிய மூன்றும் வேம்பார்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தவை.

இக்கரையில் முத்துச் சலாபம் நடந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தமிழகக் கரையில் கடைசிச் சலாபம் 1961ஆம் ஆண்டு நடைபெற்றது. குளிப்பவர் கல்லைப் பற்றிக்கொண்டு ஆழத்திற்குச் செல்வார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி கண்ணிமைக்காமல் நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுத்துவிட வேண்டும். தங்கை விதவையாகிவிடக் கூடாது என்ற கவலை இருக்கும் என்பதால் மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இக்கரையில் சொல்வதுண்டு.

கடலுக்குள் சென்றவரை மேலே இருப்பவர் மறந்துவிடலாகாது. இதுவே முத்துத் தொழிலின் முதல் விதி. அந்த விதி எங்கள் குடும்பத்துக்கும் பொருந்தும் என்பதை நான் உணர்ந்தது அண்மையில்தான்.

தேதி தெரியாத மரணம்

என் உம்மாவின் வாப்பா, அதாவது என் பாட்டனார், 1942ஆம் ஆண்டு ரஜப் மாதத்தில் வேம்பாரிலிருந்து புறப்பட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள்தான் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசியிருந்தன. கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் பலர் ஊர் திரும்பிக்கொண்டிருந்த வேளையில் அவர் கொழும்புக்குப் போனார். வீட்டில் வறுமை, இரண்டு பெண்குழந்தைகள். என் உம்மா அப்போது கைக்குழந்தை. பெரியும்மாவுக்கு ஐந்து வயது.

கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். அதுவே கடைசிக் கடிதம். பணமும் வரவில்லை; செய்தியும் வரவில்லை. யுத்தம் முடிந்தது, நாடு விடுதலை பெற்றது. அவர் மட்டும் வரவில்லை.

கணவன் இருக்குமிடம் நான்காண்டுகள் தெரியாமற்போனால் மனைவி நீதிமன்றத்தின் மூலம் மணவிலக்குப் பெறலாம் என்று 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வழி திறந்திருந்தது. என் உம்மம்மா அந்த வாசலை நாடவில்லை. அவர் இத்தா இருக்கவுமில்லை. எந்த நாளிலிருந்து கணக்கிடுவது? மனைவியாகவும் இல்லாமல், விதவையாகவும் இல்லாமல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து வஃபாத்தானார். கணவரின் நினைவாக ஆண்டுதோறும் யாசீன் ஓதி ஏழைகளுக்குச் சோறு கொடுப்பார். மரணித்த நாள் தெரியாததால், வீட்டைவிட்டுப் புறப்பட்ட ரஜப் பிறை பத்தையே அதற்குரிய நாளாக வைத்துக்கொண்டார்.

வாசகர்களே, நம் கடற்கரையூர்களில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை! கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று போனவர்களில் யுத்தத்தில் சிக்கித் திரும்பாதவர்கள் எத்தனை பேர்! உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். ஆகவேதான் இதனை எழுதுகிறேன்.

கைக்குள் ஒரு பதிவேடு

சென்ற ஆண்டு வேம்பாருக்குச் சென்றிருந்தேன். பெரியும்மாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயதாகிறது. அவருடைய பேத்தி, கல்லூரியில் படிப்பவள், தன் கைப்பேசியை எடுத்து வந்து, "மாமா, யுத்தத்தில் இறந்தவர்கள் பெயரையெல்லாம் இதில் பார்க்கலாமாம்" என்றாள்.

அவள் காட்டியது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பதிவேடு. 1917ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த ஆணையம் இரு உலகப் போர்களிலும் உயிர்நீத்த 17 இலட்சம் பேரை நினைவுகூர்கிறது. சென்னை நந்தம்பாக்கத்தில் பசும்புல்வெளியும் வெண்கற்களுமாக விளங்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தைக் கண்டிருப்பீர்கள். அதுவும் இவ்வாணையத்தின் பராமரிப்பில் உள்ளதே. அங்குள்ள 1914-1918 நினைவுச் சின்னத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆணையத்தின் பதிவேடு 1998 முதல் இணையத்தில் உள்ளது. கட்டணம் எதுவுமில்லை. பெயரை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடினால் இறந்தவரின் பதவி, படைப்பிரிவு, பணி எண், இறந்த தேதி, கல்லறை அல்லது நினைவுச் சின்னம் ஆகியவை கிடைக்கும். இரண்டாம் உலகப் போர்ப் பதிவுகள் பலவற்றில் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர் ஆகியவையும் குறிக்கப்பட்டுள்ளன.

கடலில் மாண்டவர்களுக்குக் கல்லறை ஏது? அவர்களுக்கும் இடம் இருக்கிறது. இந்தியக் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் பணியாற்றி, இரண்டாம் உலகப் போரில் கடலோடு போன ஏறத்தாழ 6,500 பேரின் பெயர்கள் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் எழுதப்பட்டுள்ளன. அவையும் இணையத் தேடலில் கிடைக்கின்றன.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட பெரியும்மா, கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"வாப்பா மவுத்தான தேதி அதுல போட்டிருக்கா?"

எழுத்துக்குள் ஒளிந்த பெயர்

அன்று மாலை முழுவதும் தேடினோம். குடும்பத்தில் அனைவரும் சொல்லும் பெயரை இட்டோம். ஒன்றுமில்லை. எழுத்தை மாற்றி மாற்றி இட்டோம். அப்போதும் இல்லை.

நம் பெயர்கள் ஆங்கிலேய எழுத்தர்களின் காதில் எப்படி விழுந்தனவோ, அப்படியே எழுதப்பட்டன என்பதை வாசகர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். முஹ்யித்தீன் என்ற பெயரையே பாருங்கள். நம் வீடுகளில் அது மொய்தீன், மைதீன், முகைதீன் என்றெல்லாம் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது 'எம்' என்ற எழுத்துக்குப் பின் 'ஓ' வருமா, 'யூ' வருமா, 'ஏ' வருமா என்று எவரால் சொல்ல முடியும்? மரைக்காயர் என்பது மரிக்கார் ஆகியிருக்கும், மரைக்கான் ஆகியிருக்கும். லெப்பை என்பது லப்பை ஆகியிருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஆனால் பதிவேட்டிலோ குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் இருக்கிறது. முழுப்பெயரும் அக்கட்டத்திலேயே இருக்கலாம். பாதி பிரிந்து வேறு கட்டத்திலும் இருக்கலாம். இரண்டு வகையிலும் தேடிப் பார்ப்பதே முறை.

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல். தூத்துக்குடி மாவட்டம் பிறந்தது 1986ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள். அதற்கு முன்னர் நாமெல்லோரும் திருநெல்வேலி மாவட்டத்தினர். அதனையும் ஆங்கிலேயர் டின்னவெல்லி என்றே எழுதினர். அண்டை மாவட்டத்தை ராம்நாட் என்றனர். இன்றைய பெயரை இட்டுத் தேடினால் அன்றைய மனிதர் கிடைக்கமாட்டார்.

இரவு உணவு முடிந்தபின் பெரியும்மா மெல்லச் சொன்னார்: "நீங்க தேடுறது வீட்டுப் பேரு. வாப்பாவுக்குப் பள்ளிவாசல்ல இருக்குற பேரு வேற. உம்மாவுக்குத் தெரியும். எனக்கு முழுசா ஞாபகமில்ல."

நாங்கள் திகைத்துப் போனோம். எண்பது ஆண்டுகளாக எங்கள் குடும்பம் நினைவில் வைத்திருந்தது ஒரு செல்லப் பெயரை!

பள்ளிவாசல் தஃப்தர்

மறுநாள் லுஹர் தொழுகைக்குப்பின் ஜமாஅத் பெரியவரிடம் விவரம் சொன்னேன். அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த பழைய நிக்காஹ் தஃப்தர்களை எடுத்து வைத்தார். கடலோரக் காற்றின் உப்பும் ஈரமும் தாள்களைத் தின்றிருந்தன. சில பக்கங்கள் தொட்டால் உதிர்ந்தன. ஒரு மணி நேரம் பொறுமையாகப் புரட்டினோம். என் உம்மம்மாவின் பெயர் கண்ணில் பட்டது. அருகே மணமகன் பெயர், அவருடைய தந்தையின் பெயர், மஹர் தொகை, இரு சாட்சிகள்.

என் பாட்டனாரின் முழுப்பெயரை அறுபது வயதைக் கடந்த நான் அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன்.

வாசகர்களே, இங்கே ஒரு வேண்டுகோள். நம் ஜமாஅத்துகளின் பழைய தஃப்தர்கள் வெறும் திருமணக் கணக்குகள் அல்ல. தந்தை பெயரும் பாட்டன் பெயரும் ஒருசேரப் பதிந்த குடும்ப வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. ஜமாஅத்தின் அனுமதி பெற்று அவற்றை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துப் பாதுகாக்க ஊர் இளைஞர்கள் முன்வர வேண்டும். ஒரு விடுமுறை நாள் போதும். தாள் உதிர்ந்தபின் வருந்துவதில் பயனில்லை.

புதிய பெயருடன் மீண்டும் தேடினோம். இம்முறை மூவர் கிடைத்தனர்.

ஒருவர் வணிகக் கப்பல் ஊழியர். பெயர் ஏறக்குறையப் பொருந்தியது. ஆனால் தந்தை பெயரோ ஊரோ குறிக்கப்படவில்லை. இரண்டாமவர் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இடம்பெற்ற படைவீரர், தந்தை பெயர்கூட ஒத்துவந்தது, ஊரோ வேறு. பர்மாப் போரில் மாண்டு, கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களை அச்சின்னம் தாங்கியிருக்கிறது. மூன்றாமவருக்குப் பெயர் ஒன்றே. தந்தையும் ஊரும் வேறு.

கப்பல் ஊழியர் என்றதும் என் நெஞ்சு படபடத்தது. "இவர்தான்" என்று சொல்லிவிட நா துடித்தது. சொல்லியிருந்தால் பெரியும்மாவுக்கு ஒரு தேதி கிடைத்திருக்கும். ஆயினும் இருக்கலாம் என்பது வேறு. இருக்கிறார் என்பது வேறு. அந்த ஊழியருக்கும் எங்கோ ஒரு குடும்பம் இருக்குமே! அவர் பெயரை எங்கள் வம்சாவளியில் எழுதிக்கொள்ள எங்களுக்கு என்ன உரிமை? நஸபில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டியவர்கள்! தந்தை பெயர், ஊர், காலம் மூன்றும் பொருந்தாமல் எவரையும் நம்மவர் என்று முடிவு கட்டலாகாது.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

அப்பதிவேட்டில் இல்லாததாலேயே ஒருவர் போரில் மாளவில்லை என்றும் கொள்ளக் கூடாது. ஆணையம் தனக்கென ஒரு கால எல்லையை வகுத்திருக்கிறது. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. வணிகக் கப்பல் ஊழியராயின் போர்த் தாக்குதலால் மாண்டிருக்க வேண்டும். துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு மாண்டவர் பெயர் அதில் ஏறுவதில்லை.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு வருத்தம் தெரிவித்தது. முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க மக்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது அறவேயோ நினைவுகூரப்படவில்லை என்றும் அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. இந்த அநீதி பெரிதும் நேர்ந்த இடங்களுள் ஒன்று கிழக்கு ஆப்பிரிக்கா. நம் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆவது காலாட்படை 1914 நவம்பரில் தாங்கா துறைமுகப் போரில் இறங்கியதும் அந்தக் கிழக்கு ஆப்பிரிக்காவில்தான் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

சயாம்-பர்மா ரயில் பாதையை எண்ணிப் பாருங்கள். 1942-43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர்ப் பாதை அது. அங்கே மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். அவர்களுக்குக் காஞ்சனபுரி முதலிய இடங்களில் கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. இணையத்தில் பெயர்கள் உள்ளன. அதே பாதையில் மலாயாத் தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்கள் படைவீரர் அல்லர். ஆதலால் அந்தப் பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை.

எனினும் தேடுவதற்கு வேறு வாசல்களும் உண்டு. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' என்னும் தளத்தில் பழைய அரசுக் கோப்புகளைத் தேடலாம். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் தொடர்பான 990 கோப்புகள் 1997இல் அக்காப்பகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தில் ஜப்பானிய ஆட்சிக் காலத்தை நேரில் கண்டவர்களின் வாய்மொழிப் பதிவுகள் உள்ளன. விடுதலைக்குப்பின் நாட்டுக்காக உயிர்நீத்த வீரர்களின் பெயர்களை, 2019 பிப்ரவரி 25இல் திறக்கப்பட்ட புதுதில்லித் தேசியப் போர் நினைவகத்தின் தளத்தில் காணலாம்.

ஆனால் எந்த வாசலைத் தட்டுவதாயினும் கையில் ஒரு சாவி வேண்டும். அச்சாவி நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. பெயர் என்ன, பள்ளிவாசல் பெயர் என்ன, வாப்பா யார், எந்தத் துறையில் ஏறினார், கடைசிக் கடிதம் எங்கிருந்து வந்தது? இவற்றை இன்றே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இணையம் நாளையும் இருக்கும். பெரியவர்கள்?

மூவருக்கும் ஒரு துஆ

விடைபெறும் நாளில் பெரியும்மாவிடம் உண்மையைச் சொன்னேன். மூன்று பேர் கிடைத்தார்கள், மூன்று தேதிகள் கிடைத்தன, ஆனால் எவர் நம் வாப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்:

"அந்த மூணு பேரு பேரையும் எழுதிக் குடுத்துட்டுப் போ. மூணு பேருக்கும் துஆ செய்வோம். அவங்களும் யாரோ ஒரு உம்மா பெத்த புள்ளைங்கதானே. நம்ம வாப்பா பேரை எவராவது எங்கேயாவது இப்படி ஓதியிருக்கக்கூடாதா?"

எழுதிக் கொடுத்தேன். பேத்தி அதனருகே நான்காவதாக ஒரு பெயரை எழுதினாள். தஃப்தரில் கண்டெடுத்த பாட்டனாரின் முழுப்பெயர் அது. தேதிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். ரஜப் பிறை பத்தை மாற்றவும் பெரியும்மா சம்மதிக்கவில்லை. தன் உம்மா வைத்த நாள் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது கரையைப் பார்த்தேன். சலாபம் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. கல்லும் இல்லை, குளிப்பவரும் இல்லை. ஆயினும் ஆழத்தில் போனவருக்காக மேலே ஒருவர் கயிறு பிடித்து நிற்க வேண்டும் என்ற வழக்கம் மட்டும் அழிந்துவிடலாகாது. அந்தக் கயிற்றின் நுனி இன்று உங்கள் கையிலும் இருக்கிறது, அன்பு வாசகர்களே. விட்டுவிடாதீர்கள்.